அமைச்சர் எழுந்து நிற்பதற்கு முன்னும் பின்னும்

மக்களவையில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம் தொடங்குகிறது. சபாநாயகர் ஓர் உறுப்பினரின் பெயரை அழைக்க, அவர் எழுந்து கேள்வியின் எண்ணை மட்டும் சொல்கிறார். அமைச்சர் எழுந்து, "பதில் அவையின் மேசைமீது வைக்கப்படுகிறது" என்கிறார். சில நொடிகளில் இது முடிந்துவிடும். முதன்முறை பார்ப்பவருக்குக் கேள்வியும் காதில் விழாது, பதிலும் விழாது. இரண்டும் ஏற்கெனவே அச்சாகி உறுப்பினர்களின் கையில் இருப்பதால் படித்துக் காட்ட வேண்டிய தேவை இல்லை. அதற்குப் பின் வருவதற்காகத்தான் அந்த ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

கேள்வியின் பயணம் வாரக்கணக்கில் முன்பே தொடங்கிவிடுகிறது. உறுப்பினர் குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன் எழுத்துப்பூர்வமாகக் கேள்வியைக் கொடுக்க வேண்டும். எந்த அமைச்சகம் எந்தக் கிழமையில் பதில் சொல்லும் என்பதும் முன்பே முடிவாகியிருக்கும். அமைச்சகங்களை ஐந்து குழுக்களாகப் பிரித்து, திங்கள் முதல் வெள்ளி வரை குழுவுக்கு ஒரு நாள் தருகிறார்கள். வந்து குவியும் கேள்விகளில் எது முந்தும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, மூத்தவர், புதியவர் என்ற பாகுபாடு அங்கே இல்லை. நாடாளுமன்ற நடைமுறைகளில் இவ்வளவு சமத்துவமான இடங்கள் அதிகம் கிடையாது.

எல்லாக் கேள்வியும் ஏற்கப்படுவதில்லை. நீதிமன்ற விசாரணையில் இருக்கும் விஷயம், மத்திய அரசின் பொறுப்புக்கு வெளியே உள்ள விஷயம், அமைச்சரின் சொந்தக் கருத்தைக் கேட்பது, ஊகத்தின் மேல் கட்டியது, வாதமாகவோ வசையாகவோ எழுதப்பட்டது ஆகியவற்றைச் சபாநாயகர் நிராகரிக்கலாம். "ஏன் இப்படி மோசமாகச் செயல்படுகிறீர்கள்?" என்று எழுதினால் அது செல்லாது. "இத்திட்டத்தில் மூன்று ஆண்டுகளில் ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு, மாநிலவாரியாகத் தருக" என்று எழுதினால் செல்லும். அமைச்சருக்கு வலிப்பதும் இரண்டாவது கேள்விதான்.

ஏற்கப்பட்ட கேள்விகள் இரண்டாகப் பிரிகின்றன. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அவையில் வாய்மொழிப் பதில் உண்டு. குறியில்லாத கேள்விக்கு எழுத்தில் மட்டுமே பதில் வரும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 குறியில்லாத கேள்விகளும் பட்டியலிடப்படுகின்றன. மாநிலங்களவையில் இவை 15, 160. ஓர் உறுப்பினரின் பெயரில் ஒரு நாளில் ஒரு நட்சத்திரக் கேள்விதான் வரமுடியும்.

கேள்வி அமைச்சகத்துக்குப் போனதும் அங்கே மற்ற கோப்புகள் ஒதுங்கி வழிவிடுகின்றன. நாடாளுமன்றக் கேள்விக்குத் தேதி தள்ளிப்போடும் வசதி கிடையாது. சம்பந்தப்பட்ட பிரிவு தரவுகளைத் திரட்டி வரைவு எழுதுகிறது. தேவைப்பட்டால் மாநில அரசுகளிடமும் கேட்கிறது. வரைவு சார்புச் செயலாளர், இணைச் செயலாளர், செயலாளர் என்று மேலேறி அமைச்சரின் ஒப்புதலைப் பெறுகிறது. ஒரு மாவட்டத்துச் சாலையைப் பற்றிய கேள்வி என்றால், அந்தச் சாலையின் கோப்பை எங்கோ ஒருவர் எடுத்துத் தூசி தட்டிப் படித்தே ஆகவேண்டும். பதில் எப்படி அமைந்தாலும், கேட்டதாலேயே நடக்கும் வேலை இது.

நட்சத்திரக் கேள்வி என்றால் அதிகாரிகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பதிலைவிடப் பல மடங்கு நீளமான பின்னணிக் குறிப்பை அமைச்சருக்காகத் தயாரிக்கிறார்கள். பதிலைப் பார்த்துவிட்டு உறுப்பினர் அடுத்து என்ன கேட்பார் என்று ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் விடை எழுதி வைக்கிறார்கள். அப்படிக் கேட்கப்படுவதன் பெயர் துணைக் கேள்வி. கேள்வி கொடுத்தவருக்கு இரண்டு வாய்ப்புகள் உண்டு. பிறகு சபாநாயகர் அனுமதிக்கும் மற்றவர்கள் ஆளுக்கொன்று கேட்கலாம். இதற்கு முன்னறிவிப்பு கிடையாது. அமைச்சர் தன் துறையை உண்மையாகவே அறிந்தவரா, எழுதிக் கொடுத்ததை வாசிப்பவரா என்பது இந்த இரண்டு நிமிடத்தில் வெளிச்சமாகிவிடும். அதிகாரிகளுக்கான மாடத்திலிருந்து துண்டுச் சீட்டுகள் வருவதும் இந்த நேரத்தில்தான்.

இந்தத் துணைக் கேள்வி சும்மா கிடைத்த உரிமை இல்லை. 1892-ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டம் கேள்வி கேட்கும் உரிமையை முதலில் கொடுத்தது. 1893 பிப்ரவரியில் கேட்கப்பட்ட முதல் கேள்வி, சுற்றுப்பயணம் வரும் அரசு அதிகாரிகளுக்குப் பொருட்கள் கொடுத்தாக வேண்டிய கிராமத்துக் கடைக்காரர்கள் படும் பாட்டைப் பற்றியது. ஆனால் பதிலைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான், மறுகேள்விக்கு இடமில்லை. கேட்டவரே துணைக் கேள்வி எழுப்பும் உரிமை 1909 மின்டோ-மார்லி சீர்திருத்தத்தில்தான் வந்தது. பதிலுக்குப் பயப்படாத அரசுகளும் மறுகேள்விக்குப் பயப்படும் என்பதற்கு இந்தப் பதினேழு ஆண்டு இடைவெளி ஒன்றே போதும்.

துணைக் கேள்விகள் நேரத்தைத் தின்னும். 60 நிமிடத்தில் 20 கேள்வி என்றால் ஒன்றுக்கு 3 நிமிடம். நடைமுறையில் பெரும்பாலான நாட்களில் சில கேள்விகள்தான் அவையில் எடுக்கப்படுகின்றன. 2019 நவம்பர் 27 அன்று மக்களவையில் 20 கேள்விகளும் எடுக்கப்பட்டபோது, 1972-க்குப் பிறகு இது முதன்முறை என்று செய்தியானது. எட்டாத கேள்விகள் வீணாவதில்லை. அவற்றுக்கு எழுத்துப்பூர்வப் பதில் பதிவாகிவிடும். துணைக் கேள்வி மட்டும் போய்விடும். அமளியில் ஒரு கேள்வி நேரம் கரையும்போது நாம் இழப்பது அதைத்தான்.

குறியில்லாத கேள்விகளைத் தொலைக்காட்சி காட்டாது. என் கணிப்பில் நாட்டைப் பற்றிய தகவல் அதிகம் கிடைப்பது அவற்றிலிருந்துதான். 2020 செப்டம்பரில், கொரோனா காரணமாகக் கேள்வி நேரம் கைவிடப்பட்ட மழைக்காலக் கூட்டத்தொடரில், எழுத்துப்பூர்வக் கேள்விகள் மட்டும் தொடர்ந்தன. ஊரடங்கில் ஊர் திரும்பும்போது இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அத்தகைய தரவு பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் தந்தது. இழப்பீட்டைப் பற்றிய அடுத்த பகுதிக்கு, மேற்கண்ட பதிலின்படி அக்கேள்வி எழவில்லை என்று வந்தது. எண்ணிக்கை இல்லை என்பதே அரசின் கையொப்பத்தோடு பதிவான தகவல் ஆனது. நாடெங்கும் விவாதம் அதன்மேல்தான் எழுந்தது.

பதிவாகும் ஒரு வாக்கியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1957 சாட்சி. அரசின் ஆயுள் காப்பீட்டு நிறுவனமான எல்.ஐ.சி. தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது. அதன் பணத்தில் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களின் பங்குகள் வாங்கப்பட்டனவா என்று செப்டம்பரில் மக்களவையில் ராம் சுபக் சிங் கேட்டார். வந்த பதில் திருப்தி தரவில்லை. கூட்டத்தொடர் மாறியதும் கேள்வி மறுபடி வந்தது. இந்த முறை முதலீட்டை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. முதல் பதிலும் அச்சில் இருந்தது, இரண்டாவதும் அச்சில் இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்து யாரும் படிக்கலாம். டிசம்பர் 16 அன்று ஃபெரோஸ் காந்தி அந்த விவகாரத்தை விவாதத்தில் பிரித்துப் போட்டார். அவர் ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன்.

ஆறு நிறுவனங்களில் சுமார் 1.25 கோடி ரூபாய் போடப்பட்டிருந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தி, ஒரு மாதத்துக்குள் அறிக்கை தந்தார். நிதித்துறைச் செயலாளரின் செயலுக்கு அரசமைப்பின்படி அமைச்சரே பொறுப்பு என்றது அறிக்கை. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். தனக்குத் தெரியாது என்பது ஒரு விடையாக ஏற்கப்படவில்லை. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்று அரசமைப்பின் 75-ஆம் பிரிவு சொல்வதன் நடைமுறைப் பொருள் அன்று எல்லோருக்கும் புரிந்தது.

அமைச்சர் தவறான தகவல் தந்துவிட்டால்? தானாகவே அவையில் திருத்த அறிக்கை தரலாம். அவர் செய்யாவிட்டால், சபாநாயகரின் 115-ஆம் நெறிமுறைப்படி எந்த உறுப்பினரும் பிழையை எழுத்தில் சுட்டிக்காட்டலாம். தெரிந்தே அவையைத் திசைதிருப்பியதாகக் கருதினால் உரிமை மீறல் பிரச்சினை எழுப்பலாம். தகவல் போதவில்லை என்றால் அரை மணி நேர விவாதம் கோரலாம். கேள்வியின் மதிப்பு காக்கப்பட வேண்டும் என்ற கண்டிப்பு உறுப்பினர்களுக்கும் பொருந்தும். கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் இரு அவைகளிலுமாக 11 பேர் பதவியிழந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதிகம் பேசப்படாத ஒரு குழு. மக்களவையில் 1953 முதலும் மாநிலங்களவையில் 1972 முதலும் அரசு உறுதிமொழிக் குழு இயங்கிவருகிறது. "பரிசீலனையில் உள்ளது", "கவனிக்கிறேன்", "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்றெல்லாம் அமைச்சர்கள் சொல்வதை நாம் தட்டிக்கழிக்கும் பேச்சாக எடுத்துக்கொள்கிறோம். இக்குழு அப்படி எடுத்துக்கொள்வதில்லை. எந்தெந்தச் சொற்றொடர்கள் வாக்குறுதியாகும் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அதில் ஒன்றைச் சொல்லிவிட்டால், பதிவேட்டில் ஒரு கணக்கு திறக்கப்படுகிறது. மூன்று மாதத்துக்குள் அதை நிறைவேற்றி அவைக்குத் தெரிவிக்க வேண்டும். முடியாவிட்டால் காரணம் சொல்லிக் கூடுதல் அவகாசம் கேட்க வேண்டும், இல்லையெனில் கைவிட அனுமதி கேட்க வேண்டும். அமைச்சர் மாறினாலும் கணக்கு மூடாது. ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடக்கும் உறுதிமொழிகளுக்காகச் செயலாளர்களை அழைத்து விசாரிக்கிறது குழு.

உங்கள் ஊர் ரயில் பாதையோ துறைமுகமோ பற்றி என்றோ ஓர் அமைச்சர் "பரிசீலிக்கப்படும்" என்று அவையில் சொல்லியிருக்கலாம். இரு அவைகளின் கேள்வி-பதில்களும் நாடாளுமன்ற இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. அமைச்சகம், தேதி, உறுப்பினர் பெயர் என்று எதை வைத்தும் தேடலாம். உறுதிமொழிக் குழுக்களின் அறிக்கைகளும் அங்கேயே உள்ளன.