ஷெட்டுக்கு ஸ்டெபிலிட்டி சர்டிபிகேட்: கட்டும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை

புதிதாகத் தொழிற்சாலை ஷெட் போடுகிறவர்கள் பலர், கட்டடம் உறுதியானது என்று இன்ஜினியர் தரும் ஸ்டெபிலிட்டி சர்டிபிகேட்டைக் கடைசி நேரத்தில்தான் தேடுகிறார்கள். கரண்ட் கனெக்‌ஷன் வந்துவிடும், மெஷினும் இறங்கிவிடும், லைசென்ஸுக்கு ஒரு காகிதம் மட்டும் குறைகிறது என்று இன்ஜினியரைக் கூப்பிடுவார்கள். அதற்குள் அஸ்திவாரம் மண்ணுக்குள் போயிருக்கும். வந்து பார்க்கிற இன்ஜினியருக்குத் தூண் தெரியும், கூரை தெரியும். தூணின் அடியில் சுமையை மண்ணில் இறக்கும் புட்டிங் என்ன அளவு, எந்த மண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்பது டிராயிங்கும் மண் பரிசோதனை அறிக்கையும் இருந்தால்தான் தெரியும்.

முதலில் சட்டம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 6ஆம் பிரிவில், தொழிற்சாலை அமையும் இடத்துக்கும் கட்டடத்துக்கும் விரிவாக்கத்துக்கும் எழுத்துமூலம் முன் அனுமதி கேட்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தந்தது. தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். வரைபட ஒப்புதல் வாங்கி, அதன்படி கட்டி முடித்த பிறகு, தகுதி பெற்ற பொறியாளர் கட்டடத்தைப் பார்த்து அதன் உறுதிக்குக் கையெழுத்துப் போடுவதுதான் ஸ்டெபிலிட்டி சர்டிபிகேட். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்), சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது உள்ளாட்சி தரும் கட்டட அனுமதி தனி. அது கையில் இருக்கிறது என்பதற்காக இந்த ஒப்புதல் தேவையில்லை என்று ஆகிவிடாது.

2020இன் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக மத்திய அரசு அறிவித்தது. பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்த இந்தத் தொகுப்பிலும் தொழிற்சாலை வரைபடத்துக்கு முன் ஒப்புதல் என்ற ஏற்பாடு தொடர்கிறது. விண்ணப்பிக்கும்போது எந்தப் படிவம், எந்த விதி என்பதை மட்டும் இயக்ககத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பலர் தடுக்கி விழுகிற இடம் ஒன்று 1948 சட்டத்தின் 6ஆம் பிரிவின் விளக்கக் குறிப்பில் இருந்தது. பழைய மெஷினை எடுத்துவிட்டு வேறு மெஷின் வைப்பதாலோ, விதித்த வரம்புக்குள் கூடுதல் மெஷின் வைப்பதாலோ மட்டும் அது தொழிற்சாலை விரிவாக்கம் ஆகாது என்றது அந்தக் குறிப்பு. சுற்றிலும் பாதுகாப்பாக வேலை செய்யத் தேவையான இடம் குறையக் கூடாது, புகை, தூசி, வெப்பத்தால் சூழல் கெடக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. எடையைப் பற்றி அந்த வரியில் பேச்சே இல்லை. 2 டன் மெஷின் நின்ற இடத்தில் 6 டன் மெஷின் வைத்தாலும் முன் அனுமதி தேவைப்படாமல் போகலாம். தளமும் தூணும் தாங்குமா என்ற கேள்வி அப்படியே நிற்கும். என்னைக் கேட்டால், மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு அதன் எடை விவரத்தைக் கட்டட இன்ஜினியருக்கு அனுப்புவதைக் கட்டாயப் பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு தாங்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலையின் இரண்டாம் பகுதியில் கணக்கு இருக்கிறது. மெஷின் இல்லாத வேலைத்தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ. மெஷின் இருந்தால், இலகுவானதுக்கு 500, நடுத்தரத்துக்கு 700, கனமானதுக்கு 1,000 கிலோ. சரக்கு அடுக்கும் கிடங்குக்கு உயரம்தான் கணக்கு: ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சுமார் 240 கிலோ, எப்படியும் 750 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஆட்கள் உட்கார்ந்து பேக்கிங் செய்ய என்று 250 கிலோவுக்குப் போட்ட மெஸனைனில் (இடைத்தளத்தில்) துணி ரோல்களை 4 மீட்டருக்கு அடுக்கினால் என்ன ஆகும்? இந்தக் கணக்குப்படி சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1 டன். நான்கு மடங்கு. பனியன் கம்பெனிகளும் நூல் குடோன்களும் உள்ளவர்கள் இந்த ஒரு வரியை மறக்கவே கூடாது.

கட்டடத்தின் மேல் சுமை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: வங்கதேசத்தின் சாவாரில் 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் என்று கட்டிய கட்டடத்தில் மேலே மாடிகளை ஏற்றி, ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளையும் ஜெனரேட்டர்களையும் வைத்திருந்தார்கள். முந்தைய நாளே விரிசல் கண்ணில் பட்டிருந்தது. மறுநாளும் தொழிலாளர்கள் உள்ளே அனுப்பப்பட்டார்கள்.

அடுத்து அஸ்திவாரம். தகர ஷெட் இலேசானது, அதற்கு எதற்குப் பெரிய புட்டிங் என்று கேட்பவர்கள் நிறைய. இலேசாக இருப்பதுதான் சிக்கலே. காற்று கூரையை மேல்நோக்கி இழுக்கும். ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின்படி அடிப்படைக் காற்று வேகம் கோவை, மதுரைக்கு விநாடிக்கு 39 மீட்டர், திருச்சிக்கு 47, சென்னைக்கு 50. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால், கோவையில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 90 கிலோ வரும் இடத்தில் சென்னையில் 150 ஆகிவிடும். 2015 பதிப்பில் இன்னொன்றும் சேர்ந்தது: கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் இருக்கும் தொழிற்கூடங்களுக்குக் காற்று வேகத்தை 1.15ஆல் பெருக்க வேண்டும். அழுத்தம் 32 சதவீதம் கூடும். ஸ்ரீபெரும்புதூரும் கும்மிடிப்பூண்டியும் இந்த எல்லைக்குள்தான்.

ஒரு தூணின் பங்கு 60 சதுர மீட்டர் கூரை என்றும், கூரையின் எடை போக மேலிழுப்பு சதுர மீட்டருக்கு 100 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், அந்தத் தூணை 6 டன் மேலே இழுக்கிறது. ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2.5 டன்தான். புட்டிங், அதன் மேல் கிடக்கும் மண், தூணைப் புட்டிங்கோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட் எல்லாம் சேர்ந்து அதைப் பிடித்து வைக்க வேண்டும். கோவையில் ஓடுகிற ஷெட் டிசைனை அப்படியே கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுவந்தால் ஏன் ஆபத்து என்பது இதிலேயே தெரியும்.

மண் விஷயத்தில் கரிசல் தனி ரகம். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். மண்ணுக்குள் ஆழமாக இறக்கி, அடியில் குமிழாக விரியும் கான்கிரீட் தூணான அண்டர்-ரீம்டு பைல் அங்கே வழக்கம். ஆழமான கரிசலில் அது குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும் என்பது ஐ.எஸ். 2911. தோட்டமாக இருந்து மனையான நிலத்தில் தூர்த்த கிணறு இருக்கிறதா என்று ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். மண் பரிசோதனைக்கு ஒரே ஒரு போர் போட்டுப் பார்த்தால் கிணறு அகப்படாது. பவர் பிரஸ், ஹேமர் மாதிரி அதிர்கிற மெஷின்களுக்கு ஐ.எஸ். 2974 என்ற தனித் தரநிலை இருக்கிறது. அவற்றின் அஸ்திவாரம் கட்டடத்தின் புட்டிங்கோடு ஒட்டாமல் தனியாக நிற்க வேண்டும்.

சர்டிபிகேட் வாங்கியதோடு பொறுப்பு தீராது. சந்தேகம் வந்தால் டிராயிங்கும் பரிசோதனையும் கேட்க 1948 சட்டத்தின் 39ஆம் பிரிவு ஆய்வாளருக்கு அதிகாரம் தந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று பட்டால் 40ஆம் பிரிவின்படி, சரிசெய்யும் வரை அந்தக் கட்டடத்தைப் பயன்படுத்தவே தடை போட முடிந்தது. உத்தரவு தொழிற்சாலையை நடத்துபவருக்கோ மேனேஜருக்கோ, இருவருக்குமோ வந்தது. ஷெட் வாடகைக்கு எடுத்தது என்று சொல்லி ஒதுங்க முடியாது. சட்டத்தை மீறினால் அந்தச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருந்தது.

தொழிலாளிக்கும் இதில் உரிமை இருக்கிறது. பாதுகாப்பு பற்றிய தகவலை நிர்வாகத்திடம் கேட்கலாம், ஏற்பாடு போதாது என்றால் நேராகவோ பிரதிநிதி மூலமாகவோ ஆய்வாளரிடம் முறையிடலாம் என்று 1948 சட்டத்தின் 111அ பிரிவு சொன்னது. தூணில் புது விரிசல், கதவு திடீரென்று மூட முடியாமல் இறுகுவது, தளம் ஒரு பக்கம் இறங்குவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் தேதியோடு போட்டோ எடுத்து எழுத்தில் கொடுங்கள். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் கேளுங்கள்.