எல் நினோ ஆண்டில் காருக்கு ஒரு கணக்கு, பிசானத்துக்கு ஒரு கணக்கு

சேரன்மகாதேவிப் பக்கம் நெல் போடும் அண்ணாச்சி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்: "எல் நினோ வந்தால் மழை பொய்க்கும் என்று டிவியில் சொல்கிறார்கள். 2023 எல் நினோ வருஷம்தானே? பிறகு டிசம்பரில் ஊரே முங்கியது எப்படி? பருவகால முன்னறிவிப்பு என்று ஒன்று வருகிறதே, அதை நம்பி நான் என்ன செய்ய?"

முதல் கேள்விக்கான பதில் சுருக்கமானது. எல் நினோ, அதாவது பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாவது, கெடுப்பது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையை. வடகிழக்குப் பருவமழைக்கு அது பெரும்பாலும் சாதகம். நாட்டின் பெரும்பகுதிக்கு மழை என்றாலே ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். அதனால் செய்தியில் எல் நினோ வறட்சியாகவே வருகிறது. 2023-லும் அந்தப் பாதி அப்படியே நடந்தது: 1901-க்குப் பிறகு நாடு பார்த்த மிக வறண்ட ஆகஸ்ட் அதுதான். நமக்குக் கதை அங்கே முடிவதில்லை. பொதிகையில் பெய்யும் தென்மேற்கு மழை தாமிரபரணியில் இறங்கிக் கார் என்னும் முதல் போக நெல்லுக்கு வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை அணைகளையும் குளங்களையும் நிரப்பிப் பிசானம் என்னும் அடுத்த போக நெல்லை நடத்துகிறது. இரண்டு பருவமும் ஒரே ஆற்றில் வந்து சேரும் ஊர் நம்முடையது. பசிபிக் கடலில் நடக்கும் ஒரே மாற்றம் காரில் கை வைத்துவிட்டுப் பிசானத்துக்கு அள்ளிக் கொடுக்கலாம். திருநெல்வேலிச் சீமைக்குப் பருவகால முன்னறிவிப்பை இரண்டாகப் பிரித்துத்தான் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பத்து நாள் கழித்து மழை வருமா என்றே உறுதியாகச் சொல்ல முடியாதவர்கள் மூன்று மாதத்துக்கு எப்படிச் சொல்கிறார்கள் என்பது நியாயமான சந்தேகம். காற்றுக்கு ஞாபகம் குறைவு. இன்றைய நிலையை அளப்பதில் வரும் சிறு பிழை நாளுக்கு நாள் பெருகி, இரண்டு வாரத்தில் கணக்கையே புரட்டிவிடும். கடல் அப்படியில்லை. பூமியின் மொத்தக் காற்றும் எவ்வளவு வெப்பத்தைத் தாங்குமோ, அவ்வளவையும் கடலின் மேல் 3 மீட்டர் தண்ணீரே தாங்கிவிடும். சூடான கடல் மாதக்கணக்கில் சூடாகவே இருந்து, மேலே வீசும் காற்றை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே இருக்கும். எந்த நாளில் மழை என்று அது சொல்லாது. மழை நாட்கள் கூடுமா குறையுமா என்பதில் சாய்வு ஏற்படுத்தும்.

அந்தச் சூடு எப்படி இடம் மாறுகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை. வானிலை அறிவியலில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

பசிபிக்கில் பூமியின் நடுக்கோட்டை ஒட்டிக் காற்று வழக்கமாகக் கிழக்கிலிருந்து மேற்கே வீசுகிறது. அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி ஓர் ஓரத்திலிருந்து ஊதிக்கொண்டே இருந்தால் எதிர் ஓரத்தில் தண்ணீர் ஏறி நிற்குமே, அதுபோல வெயில் காய்ந்த மேல்நீர் எல்லாம் இந்தோனேசியாப் பக்கம் போய்க் குவிகிறது. அங்கே கடல் மட்டம் தென் அமெரிக்கக் கரையைவிட ஏறத்தாழ அரை மீட்டர் உயரம். அடியில் நடப்பது இன்னும் பெரிது. மேலே வெந்நீர், கீழே குளிர்நீர் என்று கடல் இரண்டு அடுக்காக இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் எல்லை மேற்கில் 150 மீட்டருக்கும் கீழே கிடக்கும். கிழக்கே பெரு நாட்டை நெருங்கும்போது 50 மீட்டருக்கு மேலேறி வந்துவிடும்.

இப்போது மேற்குப் பசிபிக்கில் ஒரு வாரமோ இரண்டு வாரமோ காற்று எதிர்த்திசையில் பலமாக வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். குவிந்திருந்த வெந்நீரில் ஒரு பகுதி கிழக்கே தள்ளப்படும். அது அலையாகக் கிளம்பும். கப்பலில் நிற்பவர் கண்ணுக்கு அந்த அலை தெரியாது, ஏனென்றால் மேல்மட்டம் உயர்வது சில சென்டிமீட்டர்தான். அடியில் உள்ள எல்லையோ பல பத்து மீட்டர் கீழே அழுந்துகிறது. வெந்நீருக்கும் குளிர்நீருக்கும் எடை வித்தியாசம் மிகக் குறைவு. ஆகவே சிறு தள்ளலுக்கே அந்த எல்லை நெடுந்தூரம் ஏறி இறங்கும்.

இந்த அலை ஏன் வடக்கே தெற்கே சிதறாமல் நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டே போகிறது? பூமியின் சுழற்சி வடபாதியில் ஓடும் நீரை வலப்பக்கம் திருப்பும், தென்பாதியில் இடப்பக்கம் திருப்பும். கிழக்கு நோக்கி ஓடும் நீர் கோட்டுக்கு வடக்கே விலகினால் வலப்பக்கம், அதாவது தெற்கே, திரும்பிக் கோட்டுக்கே வரும். தெற்கே விலகினால் இடப்பக்கம் திரும்பி மறுபடி கோட்டுக்கே வரும். கரையே இல்லாத நடுக்கடலில் பூமியின் சுழற்சி இரண்டு கரை கட்டிக் கொடுக்கிறது! மேற்கு நோக்கிப் போகும் நீருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அது கோட்டை விட்டு விலகிக்கொண்டே போகும். அதனால் இந்த அலை கிழக்கே மட்டும்தான் பயணம் போகும். இதற்குக் கெல்வின் அலை என்று பெயர். மணிக்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டர் வேகத்தில் பசிபிக்கைக் கடக்க அதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும்.

அந்த இரண்டு மாதம்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். அலை கிளம்பியதை மிதவைகள் அளந்துவிடும். கடல் மட்டத்தின் சில சென்டிமீட்டர் ஏற்றத்தை 1992 முதல் செயற்கைக்கோள்கள் மேலிருந்தே அளக்கின்றன. அலை கிழக்குக் கரைக்குப் போனதும் அடியிலிருந்து குளிர்நீர் மேலே வருவது தடைபட்டு மேற்பரப்பு சூடேறும். கிழக்கு சூடேறினால் மேற்கே வீசும் காற்று தளரும். காற்று தளர்ந்தால் இன்னும் வெந்நீர் கிழக்கே வரும். ஒன்றை ஒன்று ஊட்டி வளர்ப்பதுதான் எல் நினோ.

அது நம் தலைக்கு வரும் வழி: வெந்நீர் நகர்ந்ததும் மேகம் எழும் இடமும் அதோடு நகர்கிறது. இந்தோனேசியாப் பக்கம் காற்று மேலெழுவதற்குப் பதில் கீழிறங்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தக் கீழிறக்கம் நம் நாட்டுத் தென்மேற்குப் பருவத்தை அமுக்கும். ஐப்பசிக்குப் பிறகோ, இந்தியப் பெருங்கடலின் நடுக்கோட்டில் கிழக்குக் காற்று வலுத்து ஈரத்தை மேற்கே தள்ளும். தென் வங்கக்கடல், இலங்கை, தென் தமிழகம் எல்லாம் அந்தப் பாதையில் இருக்கின்றன. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பாதி தனியே சூடேறி, கிழக்குப் பாதி குளிர்வதும் உண்டு. 1999-ல் அறிவியல் உலகம் அடையாளம் கண்ட இந்த இருமுனை நிகழ்வு எல் நினோவோடு சேர்ந்தால் நம் பக்கம் மழைக்கு வாய்ப்பு இன்னும் கூடும். 2023-ல் இரண்டும் சேர்ந்தே இருந்தன.

இங்கே விவசாயிக்கு நேரடியாக உதவும் ஒரு விஷயம் இருக்கிறது. மார்ச் முதல் மே வரை பசிபிக் கடல் எந்தப் பக்கம் சாயும் என்று கணிப்பது கடினம்; உலகத்தின் எல்லாக் கணினி மாதிரிகளும் அந்த மாதங்களில் தடுமாறும். ஏப்ரலில் வரும் முன்னறிவிப்பை வைத்துத்தான் காருக்கு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஆகஸ்ட் தாண்டிவிட்டால் நிலை தெளிந்துவிடும், எல் நினோ உச்சம் தொடுவதும் கார்த்திகை, மார்கழியை ஒட்டித்தான். ஆகவே பசிபிக் கடலைப் பொறுத்தவரை பிசானத்துக்கான துப்பு காருக்கான துப்பைவிட நம்பகமானது.

நம்பகம் என்றால் எவ்வளவு? முன்னறிவிப்பு மூன்று எண்களாக வரும். கடந்த பல ஆண்டு மழையை வரிசைப்படுத்தி, குறைவு, இயல்பு, அதிகம் என்று மூன்று சம பங்காகப் பிரித்திருப்பார்கள். எந்தத் தகவலும் இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு 33 சதவீதம். "அதிகம்: 50, இயல்பு: 30, குறைவு: 20" என்று வந்தால் சாய்வு நல்ல பலமாக இருக்கிறது என்று பொருள். அப்போதும் ஐந்தில் ஒரு முறை மழை குறைந்துதான் போகும். அது நடந்தால் முன்னறிவிப்பு பொய் என்று தூக்கிப் போடக் கூடாது. எல் நினோவுக்கு எதிரான லா நினா 2016-ல் வந்தது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2021-லும் லா நினாதான், மழையோ இயல்பைவிட 59 சதவீதம் கூடுதல். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மனம் வேண்டும்.

சித்திரை முதல் நாள் கோயிலில் பஞ்சாங்கம் வாசிக்கும்போது இந்த வருஷம் இன்ன மேகம், இத்தனை மரக்கால் மழை என்பார்கள். கேட்க எனக்கும் பிடிக்கும். ஆனால் பங்குனியில் யாரும் அதைத் திரும்ப எடுத்துச் சரிபார்ப்பதில்லை. சரிபார்க்கப்படாத ஒன்றை நம்பி விதைநெல்லை இறக்குவது தவறு என்றே நினைக்கிறேன். "ஆடிப்பட்டம் தேடி விதை" வேறு வகை: தலைமுறை தலைமுறையாக மழையைப் பார்த்து வைத்த கணக்கு அது. இன்றைய முன்னறிவிப்பு அந்தக் கணக்கை இந்த ஆண்டுக்கு என்று திருத்தித் தருகிறது.

சதவீதத்தை வைத்து வயலில் முடிவெடுப்பது எப்படி? எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. வடிகால் வெட்ட ஏக்கருக்கு 3,000 ரூபாய் செலவு. வெட்டாமல் விட்டு, நட்ட பயிரில் வெள்ளம் நின்றால் 15,000 ரூபாய் நஷ்டம். செலவை நஷ்டத்தால் வகுத்தால் ஐந்தில் ஒன்று. உங்கள் வயலில் வெள்ளம் நிற்க ஐந்தில் ஒன்றைவிட அதிக வாய்ப்பு இருந்தால் வெட்டுவது லாபம், குறைவாக இருந்தால் வேண்டாம். சாதாரணமாக ஏழு வருஷத்துக்கு ஒரு முறை தண்ணீர் நிற்கும் வயல் என்றால் வருஷா வருஷம் வெட்டத் தேவையில்லை. எல் நினோ ஆண்டில் அந்த வாய்ப்பு நாலில் ஒன்றாக உயர்கிறது என்றால் அந்த ஆண்டு மட்டும் வெட்ட வேண்டும். ஒரு வருஷத்தில் பலன் தெரியாது. பத்து வருஷம் விடாமல் இப்படிச் செய்தவர் கையில் காசு மிஞ்சும்.

கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல்காட்டில் கணக்கு வேறு. அங்கே மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிடுவார்கள். முதல் மழை ஈரம் காட்டிவிட்டு இரண்டாவது மழை தள்ளிப் போனால் முளைத்த கம்பும் உளுந்தும் கருகிவிடும். மறுபடி விதை வாங்க வேண்டும். மொத்த மழை எவ்வளவு என்பதைவிட மழைக்கு மழை எவ்வளவு இடைவெளி என்பதே மானாவாரிக்காரருக்கு முக்கியம். அதைப் பருவகால முன்னறிவிப்பு சொல்லாது. வானிலை ஆய்வு மையம் வியாழன்தோறும் வெளியிடும் நான்கு வார முன்னறிவிப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் புழுதி விதைப்புக்குத் துணை கிடைக்கும்.

பேரிடர் ஏற்பாட்டிலும் இதே வாய்ப்புக் கணக்குதான். 2023 டிசம்பர் 17, 18-ல் குமரிக்கடலில் நின்ற ஒரு சுழற்சி காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். மாநிலம் முழுவதற்கும் கணக்கெடுத்தால் அந்தப் பருவ மழை ஏறத்தாழ இயல்புதான்! இந்த இடம், இந்த நாள், இந்த அளவு என்று செப்டம்பரில் எந்த மாதிரியும் சொல்லியிருக்க முடியாது. சொல்ல முடிந்தது, வாய்ப்பு கூடியிருக்கிறது என்பது மட்டும். அதுவே சில வேலைகளுக்குப் போதும். குளத்தின் உபரி நீர் வழியும் கலுங்கையும் மறுகால் ஓடையையும் அடைத்திருக்கும் அமலைச் செடியை எடுப்பது, மடைப் பலகையும் ஷட்டரும் ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது, துண்டிக்கப்படக்கூடிய ஊர்களின் ரேஷன் கடையில் கூடுதல் அரிசி வைப்பது, எந்தக் கடற்கரை ஊரிலிருந்து எத்தனை படகு வரும் என்று மீனவர்களோடு முன்கூட்டியே பேசி வைப்பது. வெள்ளம் வராவிட்டாலும் இவற்றில் எதுவும் வீணில்லை. செஞ்சிலுவைச் சங்கம் 2008-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் பருவகால முன்னறிவிப்பைப் பார்த்தே நிவாரணப் பொருட்களை முன்னதாகக் கொண்டுபோய் வைத்தது.

கடினமான முடிவு அணையில் இருக்கிறது. பாபநாசமும் மணிமுத்தாறும் தலைக்கு ஏறத்தாழ 5.5 டிஎம்சி கொள்ளும். வெள்ளத்துக்கு இடம் விட்டுத் தண்ணீரைத் திறந்தால், மழை பொய்த்த ஆண்டில் பிசானம் தை மாதம் தண்ணீருக்குத் தவிக்கும். நிரப்பி வைத்தால் ஒரு பெருமழைக்கு ஆறு தாங்காது. எந்த மாதத்தில் எத்தனை அடி காலியாக வைப்பது என்பதை, அந்த ஆண்டின் வாய்ப்புச் சதவீதத்தோடு மாற்றி வைக்கும் விதிமுறை நமக்கு வேண்டும். எல்லா ஆண்டுக்கும் ஒரே மட்டம் என்பது கடல் தரும் தகவலை வாங்காமல் விடுவதாகும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் மடிந்தவர்களின் பெயரால்தான் இந்நாட்டில் பருவமழை முன்கணிப்பு ஆராய்ச்சியே வேகம் பிடித்தது. 1904-ல் வந்த கில்பர்ட் வாக்கர் என்ற கணித மேதை, பசிபிக்கின் காற்றழுத்தம் இரு கரையிலும் மாறி மாறி ஏறி இறங்குவதைக் கண்டதும் பருவமழையைத் தேடும்போதுதான். இன்று பருவமழைத் திட்டம், புதிய சூப்பர் கம்ப்யூட்டர்கள், 2024-ல் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்ட மிஷன் மௌசம் என்று செலவு நடக்கிறது. நடக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் அதே 2024-ல், முன்னறிவிப்பை விவசாயி மொழியில் பெயர்த்துச் சொல்லிவந்த மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் 199 மூடப்பட்டன. கம்ப்யூட்டர் வாங்கப் பணம் இருந்து, சொல்ல ஆள் வைக்கப் பணம் இல்லை என்பது எனக்கு ஆறவே இல்லை.

அண்ணாச்சி, உங்கள் வயல் தலைமடையா கடைமடையா என்று நீங்கள் எழுதவில்லை. செப்டம்பர் கடைசியை ஒட்டி வானிலை ஆய்வு மையம் வடகிழக்குப் பருவத்துக்கான அறிவிப்பை வெளியிடும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் மாவட்டவாரியாகவும் தருகிறது. தலைமடை என்றால், குறைவு என்று வந்தாலும் சேற்றில் உழும் தொழி உழவை நிறுத்த வேண்டியதில்லை. வாய்க்கால் தண்ணீர் முதலில் உங்களுக்குத்தான். கடைமடை என்றால், குறைவுக்கு 45-க்கு மேல் வந்த ஆண்டில் அம்பை 16 மாதிரிக் குறுகிய வயது நெல்லைப் பாதி வயலில் மட்டும் போட்டு, மீதியில் உளுந்து விதையுங்கள். அதிகத்துக்கு 45-க்கு மேல் வந்தால் நாற்றங்காலை மேட்டு வயலில் பாவுங்கள், வடிகாலை ஐப்பசிக்கு முன்பே வெட்டுங்கள். எப்படி வந்தாலும் பயிர்க் காப்பீட்டை விடாதீர்கள்: பிசான நெல்லுக்கு உங்கள் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான்.