சொட்டுகிற இடம் ஒன்று, விரிசல் இன்னொன்று

ஜூன் வந்தால் ஐரோப்பாவில் கிளப் கால்பந்து நிற்கும், ஆள் வாங்குவது பற்றி வேலூரில் பேச்சு தொடங்கும். காட்பாடி காந்தி நகர் டீக்கடை, ஆம்பூர் ஷூ கம்பெனியின் மதியச் சாப்பாட்டு வேளை, சாயங்காலம் கோட்டை மைதானத்தில் வியர்வை காயும் நேரம் என்று எங்கே போனாலும் ஒரே கேள்வி: நம்ம கிளப் இந்த முறை யாரை வாங்கணும்? பதிலும் அனேகமாக ஒன்றுதான், முன்னே நின்று கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கர். "நல்ல ஸ்ட்ரைக்கர் ஒருத்தன் வந்தா முடிஞ்சுது மச்சான். இவனை இன்னாத்துக்கு இன்னும் வெச்சினு கீறானுங்க?"

ஐப்பசி மழையில் ஒழுகும் மெத்தை வீட்டைப் பார்த்தவர்களுக்கு இதிலுள்ள தவறு புரியும். தண்ணீர் சொட்டுவது ஹாலில், மின்விசிறிக்குப் பக்கத்தில். விரிசல் இருப்பதோ மாடியில் தண்ணீர்த் தொட்டியின் அடியில். தண்ணீர் கான்கிரீட்டுக்குள்ளேயே நாலடி ஓடி, வழி கிடைத்த இடத்தில் இறங்குகிறது. சொட்டுகிற இடத்தில் சிமென்ட் பூசினால் அடுத்த மழையில் அரையடி தள்ளிச் சொட்டும். கால்பந்து அணியிலும் கோல் வராமல் போவது சொட்டுகிற இடம்தான். விரிசலைத் தேட வேறு கருவிகள் உண்டு.

முதல் கருவி எக்ஸ்ஜி (xG), அதாவது எதிர்பார்க்கும் கோல். ஒவ்வொரு ஷாட்டுக்கும் அது கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 1 வரை ஒரு மதிப்பு கொடுப்பார்கள். இதே மாதிரி இடத்திலிருந்து, இதே மாதிரி சூழலில் முன்பு அடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான ஷாட்டுகளில் எத்தனை உள்ளே போயின என்ற கணக்குதான் இதன் அடிப்படை. தூரம், கோணம், தலையா காலா, பந்து எப்படி வந்தது, நடுவில் எத்தனை பேர் நின்றார்கள் எல்லாம் சேரும். பெனால்ட்டிக்கு ஏறத்தாழ 0.76 முதல் 0.79. சாதாரண ஷாட்டுகளில் பத்து அடித்தால் ஒன்று உள்ளே போகும்.

கோணத்தின் வேலையைப் பள்ளிக்கூட முக்கோணவியலே சொல்லிவிடும். கோல் கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர். நேர் எதிரே 11 மீட்டரில், அதாவது பெனால்ட்டிப் புள்ளியில் நிற்பவனுக்கு அந்தச் சந்து சுமார் 37 டிகிரி. 22 மீட்டருக்குப் பின்வாங்கினால் 19 டிகிரி. இப்போது கோல் கோட்டிலிருந்து 5.5 மீட்டரிலேயே, ஆனால் கோலின் நடுவிலிருந்து 11 மீட்டர் பக்கவாட்டில் நிற்பவனைப் பாருங்கள். அவனுக்குக் கிடைப்பது 16 டிகிரிதான். 22 மீட்டரில் நேராக நிற்பவனைவிட இவனுக்குச் சந்து குறுகல். "அவ்ளோ கிட்ட போயிட்டு அடிக்கத் தெரியல" என்று நாம் திட்டும் ஷாட்டுகளில் பாதி இந்த வகை.

அடுத்தது தற்செயல். இதைத்தான் ரசிகர்கள் மறக்கிறார்கள். ஒரு ஸ்ட்ரைக்கர் சீசனில் 100 ஷாட் அடிக்கிறான், ஒவ்வொன்றுக்கும் சராசரி மதிப்பு 0.12 என்று வையுங்கள். எதிர்பார்ப்பது 12 கோல். ஆனால் நிகழ்தகவுக் கணக்கில் இதன் திட்ட விலக்கம், அதாவது வழக்கமாக மேலே கீழே விலகும் அளவு, மூன்றுக்குக் கொஞ்சம் மேல். அவன் திறமை ஒரு துளியும் மாறாமலே ஒரு வருஷம் 9, இன்னொரு வருஷம் 15 வரும். 9 அடித்த வருஷம் "கழுதை", 15 அடித்த வருஷம் "ராசா". ஆட்டத்துக்கு 3 ஷாட் அடிப்பவன் தொடர்ந்து 5 ஆட்டத்தில் கோல் இல்லாமல் இருக்க வாய்ப்பு, ஒரு ஷாட் கோலாகாமல் போகும் வாய்ப்பான 0.88-ஐ 15 முறை பெருக்கினால் வரும்: 100க்கு 15. எனவே 38 ஆட்டம் கொண்ட சீசனில் அப்படி ஒரு வறட்சி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆகவே முதலில் பார்க்கவேண்டியது கோல் எண்ணிக்கை அல்ல. அணிக்கு நல்ல வாய்ப்பு வருகிறதா? வந்தும் போகவில்லை என்றால் பொறுத்துப் பார்க்கலாம், இரண்டு சீசன் தாண்டியும் அப்படியே என்றால் ஆளை மாற்றலாம். வாய்ப்பே வரவில்லை என்றால் ஸ்ட்ரைக்கரை மாற்றிப் பயனில்லை. கிணற்றில் தண்ணீர் வற்றியிருக்கும்போது வாளியைக் குறை சொல்வதுபோல் ஆகும்.

அர்செனல் ரசிகர்களின் பழைய சண்டை இதற்கு நல்ல பாடம். 2023-24இல் அந்த அணி இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் 91 கோல், 89 புள்ளி. அடுத்த சீசனில் 69 கோல், 74 புள்ளி, 14 டிரா. "ஸ்ட்ரைக்கர் இல்லாததுதான் காரணம்" என்று உலகமே சொன்னது. பாதி உண்மை. 2025 ஜனவரியில் முன்வரிசையில் ஆடும் கேப்ரியல் ஜேசுஸுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது, பிப்ரவரியில் இன்னொரு முன்வரிசைக்காரர் ஹாவெர்ட்ஸுக்குத் தொடையின் பின்தசை கிழிந்தது. ஆள் வாங்கும் ஜனவரி சந்தையில் யாரையும் வாங்காததால் மிட்ஃபீல்டரான, அதாவது நடுக்களத்தில் ஆடும் மெரினோ ஸ்ட்ரைக்கராக நின்றார். லெஸ்டருக்கு எதிராக அவரே 2 கோல் போட்டது தனிக்கதை. ஆனால் அதற்கு முன்பே, செப்டம்பரில் ஓடகார்ட் கணுக்கால் காயத்தில் போய் ஏறத்தாழ இரண்டு மாதம் வரவில்லை. டிசம்பர் முதல் மார்ச் முடிய சாக்காவும் இல்லை. பந்தைக் கோலுக்கு முன்னுள்ள பெனால்ட்டிப் பெட்டிக்குள் கொண்டுவந்து சேர்க்கும் இரண்டு பேரும் வெவ்வேறு மாதங்களில் படுக்கையில். 22 கோல் குறைந்ததற்கு ஸ்ட்ரைக்கர் மட்டுமே பொறுப்பு என்று எழுதினால் கணக்கு உதைக்கும். 2025 கோடையில் அவர்கள் போர்ச்சுகல் லீகில் 39 கோல் அடித்த யோகெரஸை மட்டும் வாங்கி நிற்கவில்லை. சுபிமெண்டி, மடுவேகே, எஸே என்று பந்து வரும் வழியையும் சேர்த்தே வாங்கினார்கள். அது சரியான முடிவு.

விரிசல் இன்னும் ஆழத்தில் இருப்பதும் உண்டு. மான்செஸ்டர் சிட்டி 2023-24 லீகில் தோற்றது மூன்றே ஆட்டம்: வுல்வ்ஸ், அர்செனல், ஆஸ்டன் வில்லா. மூன்றிலும் நடுக்களத்தில் காவல் நிற்கும் ரோட்ரி இல்லை. 2024 செப்டம்பரில் அவர் முழங்கால் போனபின் அணி ஆடியது எல்லோருக்கும் நினைவிருக்கும். கோல் வாங்கியது டிஃபென்ஸ், அதனால் திட்டு வாங்கியதும் டிஃபென்ஸ். ஆனால் பந்து பறிபோன அடுத்த நாலைந்து நொடியில் நடுவில் நின்று எதிர்த் தாக்குதலை முளையிலேயே கிள்ள ஆளில்லை என்பதுதான் விஷயம்.

கையில் ஒரு நோட்டு இருந்தால் இந்த மாதிரி ஓட்டையை ரசிகரே கண்டுபிடிக்கலாம். லீகில் ஓர் இடத்துக்கு 38 ஆட்டம், 90 நிமிடம், ஆக 3,420 நிமிடம். கோலுக்கு முன்னே நடுவில் நின்று தடுக்கும் சென்டர் பேக் இடம் இரண்டுக்கு 6,840. உங்கள் கிளப்பில் நாலு பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். போன சீசனில் ஒருவன் 3,000, இரண்டாமவன் 1,900, மூன்றாமவன் 1,200, நாலாமவன் 740. காகிதத்தில் நாலு பேர், நம்பி நிறுத்த ஒருவன். இரண்டாமவன் ஏன் 1,900இல் நின்றான்? தொடைப் பின்தசை இரண்டு முறை என்றால் அது துரதிர்ஷ்டம் என்று விடக்கூடாது. முழு வேகத்தில் ஓடும்போது, முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் அந்தத் தசை நீண்டபடியே பிரேக் போடுகிறது. அப்போதுதான் கிழியும். ஒருமுறை கிழிந்தது மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம். அடுத்த வருஷக் கணக்கில் அவனுக்கு 2,000க்கு மேல் எழுதாதீர்கள். மூத்தவனுக்கு வயது 32 என்றால் அவனுடைய 3,000ஐயும் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள். மிச்சம் எவ்வளவு துண்டு விழுகிறதோ அதுதான் வாங்கவேண்டிய அளவு.

லிவர்பூல் இந்தக் கூட்டலைத்தான் 2020இல் தவறவிட்டது. ஜூலையில் லோவ்ரெனை விற்றுவிட்டு மூன்று மூத்த சென்டர் பேக்குகளோடு சீசனைத் தொடங்கினார்கள். அக்டோபர் 17 அன்று வான் டைக், நவம்பரில் கோமஸ், ஜனவரி இறுதியில் மாட்டிப் என்று மூவருமே காயத்தில் போனார்கள். ஓட்டையை அடைக்க மிட்ஃபீல்டிலிருந்து ஃபபின்யோவையும் ஹெண்டர்சனையும் பின்னுக்கு இழுத்தார்கள். இப்போது ஓட்டை மிட்ஃபீல்டில். ஆன்ஃபீல்டில் லீக் ஆட்டம் தொடர்ந்து ஆறு தோல்வி. ஜனவரி சந்தையின் கடைசி நாளில் அவசரத்துக்கு வாங்கிய பென் டேவிஸ் லிவர்பூலுக்காக ஒரு போட்டியில்கூட இறங்கவில்லை. இதே கிளப்தான் 2018இல் 7.5 கோடி பவுண்டு கொடுத்து வான் டைக்கையும், அந்தக் கோடையில் கோல்கீப்பர் அலிசனையும் வாங்கி, லீகில் வாங்கிய கோலை 38இலிருந்து 22ஆகக் குறைத்தது.

"சென்டர் பேக் வேணும், ஆனா இடதுகால்காரனா வேணும்" என்று கேட்டால் பந்தா என்று சிரிப்பவர்கள் உண்டு. கிட்டே போய்ப் பார்ப்போம். இடப்பக்க சென்டர் பேக்குக்கு வலப்பக்கத்திலிருந்து பந்து உருண்டு வருகிறது. எதிராளி நடுவிலிருந்து அவனை நோக்கிப் பாய்கிறான். இடதுகால்காரன் பந்தைத் தன் உடம்பைத் தாண்டி ஓட விட்டு, வெளிப்பக்கக் காலால் எடுத்து, அடுத்த தொடுதலிலேயே கோட்டோரம் அனுப்பிவிடுவான். அவன் உடம்பே பந்துக்கும் எதிராளிக்கும் நடுவில் சுவர். வலதுகால்காரன் பந்தை வலக்காலில் எடுத்தால் அது பாய்ந்து வருபவன் பக்கமே இருக்கும். திரும்ப இன்னொரு தொடுதல் வேண்டும், அரை நொடி போகும். நொடிக்கு 7 மீட்டர் ஓடுபவனுக்கு அரை நொடி என்பது மூன்றரை மீட்டர். அவ்வளவுதான், மூச்சு முட்டும். பந்தின் சுழற்சி வேறு இருக்கிறது. இடக்கால் உட்புறத்தால் கோட்டோரம் அடித்த பந்து வெளியே போவதுபோல் போய் உள்ளே வளைந்து விங்கர் ஓடும் வழியில் விழும். வலக்காலால் அடித்தது பக்கக் கோட்டுப் பக்கம் வளைந்து வெளியே போய் எதிரணிக்கு த்ரோ ஆகும். ஆனால் வான் டைக்கே வலதுகால்காரர், இத்தனை வருஷம் இடப்பக்கம்தான் நிற்கிறார். ஆகவே இது விதி அல்ல, முன்னுரிமை. மற்றதெல்லாம் சமமாக இருந்தால் இடதுகால்.

ஆளைப் பொருத்துவதை ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஒரே தோலில் முதுகுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் இளக்கம். ஷூவின் முன்பக்க மேல்தோலை முதுகிலிருந்து வெட்டுவார்கள். அங்கே வயிற்றுத் தோலை வைத்தால் போடப் போட இழுத்துக்கொண்டு தொளதொளக்கும். தோல் கெட்டதல்ல, வைத்த இடம் தப்பு. எதிர்த் தாக்குதலில் காலி மைதானத்தில் ஓடிக் கோல் குவித்தவனை, பெட்டிக்குள் பத்துப் பேர் அடைத்துக்கொண்டு நிற்கும் எதிரணிகளைச் சந்திக்கும் பெரிய கிளப்புக்கு வாங்கினால் இதுதான் நடக்கும். வாங்கும் முன் அவன் கோல்களை எண்ணாமல், அவன் கோல்களில் எத்தனை நெரிசலில் வந்தவை என்று எண்ணவேண்டும்.

பிறகு காசு. 6 கோடி பவுண்டுக்கு 5 வருஷ ஒப்பந்தத்தில் ஒருவனை வாங்கினால் கணக்கில் வருஷத்துக்கு 1.2 கோடிதான் செலவாக ஏறும். 3 வருஷம் கழித்து ஏட்டு மதிப்பு 2.4 கோடி. 3 கோடிக்கு விற்றால் 60 லட்சம் லாபம் என்று எழுதலாம். அகாடமியில் வளர்ந்த பையனுக்கு ஏட்டு மதிப்பே கிடையாது, விற்ற தொகை முழுவதும் லாபம். மேசன் மவுன்ட், கானர் கேலகர் போன்ற மண்ணின் மைந்தர்களைச் செல்சீ விற்றதற்கு ஆட்டத்தைவிட இந்த ஏடுதான் பெரிய காரணம். மூன்று வருஷத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது என்ற அப்போதைய பிரீமியர் லீக் விதியை மீறியதற்காக 2023-24இல் எவர்ட்டனுக்கு இரண்டு தவணையாக 8 புள்ளியும், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 4 புள்ளியும் வெட்டினார்கள். "காசுதான் கொட்டிக் கிடக்குதே" என்பவர்கள் இதையும் நினைக்கவேண்டும். பிரீமியர் லீக்கில் பதியும் அணிப் பட்டியலில் 25 பேர்தான், அதில் 17 பேருக்கு மேல் வெளியில் வளர்ந்தவர்கள் கூடாது. 21 வயதுக்குட்பட்டவர்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

பேரத்தில் கிளப்பின் பலம் ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் வருஷம். கத்திரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதான் ஆகவேண்டும். நம் இலவம்பாடி முள் கத்திரிக்காயே ஆனாலும் முற்றிவிட்டால் விலை படியாது. 1995 டிசம்பரில் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு ஒப்பந்தம் முடிந்தவன் சும்மாவே போகலாம். லிவர்பூலில் ஒப்பந்தம் முடியவிருந்த அலெக்ஸாண்டர்-ஆர்னால்டை 2025இல் ரியல் மாட்ரிட் சில வாரம் முன்கூட்டி அழைத்துக்கொள்ளச் சிறு தொகை கொடுத்ததோடு சரி. ஆகவே யாரை வாங்கணும் என்று கத்துவதற்கு முன், யாருக்கு இன்னும் ஒரே வருஷம் மிச்சம் என்று பாருங்கள். அந்த இடமும் ஓட்டைதான், இன்னும் ஒழுக ஆரம்பிக்கவில்லை, அவ்வளவே.

ஆள் வாங்கும் சந்தையின் கடைசி நாள் இரவு காத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். 2025 செப்டம்பர் 1 அன்று பிரீமியர் லீக் கதவு மூடியது நம் நேரம் இரவு 11.30க்கு. அதற்குள் பேரம் முடிந்ததாக ஒரு படிவம் அனுப்பிவிட்டால் மிச்சக் காகிதங்களுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். அதனால்தான் 12 மணிக்கும் சிலர் செல்போனைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். 2015 ஆகஸ்ட் 31 அன்று ஸ்பெயின் கதவு மூடும் நேரத்துக்குள் காகிதம் போய்ச் சேராததால் மான்செஸ்டர் யுனைட்டட் கோல்கீப்பர் டி ஹேயா ரியல் மாட்ரிட்டுக்குப் போக முடியவில்லை. பதிலுக்கு யுனைட்டட் வரவேண்டியிருந்த கெய்லர் நவாஸ் மாட்ரிட்டிலேயே நின்றார். 2016, 2017, 2018 மூன்று வருஷமும் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கிய அணியின் கோல்கீப்பர் அவர்தான்.