பெரிய பைக்கில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு

நின்ஜா 650 அல்லது ஹயபூசா போன்ற பெரிய ஸ்போர்ட்ஸ் பைக்கை வாங்கியவர்களில் பலருக்கு முதல் நெடும்பயணத்திலேயே மணிக்கட்டும் முதுகின் அடிப்பகுதியும் வலிக்கத் தொடங்கிவிடும். வளைவில் வண்டி சொன்னபடி திரும்பவில்லை என்றும், பள்ளம் மேடான சாலையில் பின்பக்கம் தூக்கிப் போடுகிறது என்றும் தோன்றும். வண்டியைத் தம் உடம்புக்கும் தாம் ஓட்டும் சாலைக்கும் ஏற்பச் சரிசெய்துகொள்ள நினைப்பது நியாயமான விருப்பமே. ஆனால் அதைப் பற்றி விசாரிக்கப் போனால், “எல்லாரும் செய்கிறார்கள், ஒன்றும் ஆகாது” என்று ஒருவர் சொல்வார். “ஒரு போல்ட்டைத் தொட்டாலும் அபராதம்தான்” என்று இன்னொருவர் சொல்வார். இரண்டுமே தவறு. சட்டம் எல்லைக் கோட்டை எங்கே போட்டிருக்கிறது என்பதை வண்டியின் உரிமையாளர் தாமே படித்துத் தெரிந்துகொள்ள முடியும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவுதான் இதற்கு அடிப்படை. வாகனத்தின் பதிவுச் சான்றிதழில், அதாவது ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடும்படி எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. “மாற்றம்” என்றால் என்ன என்பதற்கும் அங்கேயே விளக்கம் இருக்கிறது: வாகனத்தின் அடிப்படைத் தன்மையை மாற்றிவிடும் விதத்தில் அதன் கட்டமைப்பில் செய்யப்படும் மாறுதலே மாற்றம். போக்குவரத்து அலுவலகத்துக்கு முன்கூட்டித் தெரிவித்து ஒப்புதல் பெற்று மாற்றிக்கொள்ளலாம் என்ற வழி 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு சட்டத்தில் இருந்தது. திருத்தம் அந்த வழியை வெகுவாகச் சுருக்கிவிட்டது. “ஆர்.டி.ஓ.விடம் ஒரு மனு கொடுத்தால் போதும்” என்று பழைய மெக்கானிக்குகள் இன்றும் சொல்வது அந்தப் பழைய வாசகத்தின் மிச்சம்தான்.

கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை மேலும் தெளிவாக்கியது. மாநில விதிகள் இடம் தருகின்றன என்ற காரணத்தைக் காட்டி உற்பத்தியாளரின் அசல் விவரங்களை மாற்ற முடியாது என்றும், கட்டமைப்பைத் தொடாத சிறு பொருத்தங்களும் நிற மாற்றமும் இந்தத் தடைக்குள் வரமாட்டா என்றும் அந்தத் தீர்ப்பு கூறியது. நிறத்தை மாற்றினால் மட்டும் அது ஆர்.சி.யில் பதிவாக வேண்டும், ஏனெனில் நிறமும் அதில் உள்ள ஒரு விவரம்.

ஆகவே நான் எல்லாருக்கும் சொல்வது ஒன்றுதான்: வேலையைத் தொடங்கும் முன் ஆர்.சி.யை எடுத்து வண்டியின் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடிச்சட்ட (சேசிஸ்) எண், என்ஜின் எண், மாடல், என்ஜின் கொள்ளளவு, சிலிண்டர்களின் எண்ணிக்கை, எரிபொருள், நிறம், இருக்கை எண்ணிக்கை, சரக்கில்லா எடை, இரு சக்கரங்களின் அச்சுகளுக்கு இடையிலான தூரமாகிய வீல்பேஸ் ஆகியவை ஆர்.சி. சார்ந்த விவரங்கள். நீங்கள் செய்யப்போகும் வேலையால் இவற்றில் ஏதேனும் ஒன்று பொய்யாகிவிடுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால், நிறத்தைத் தவிர, அந்த வேலை வேண்டாம்.

இந்தக் கேள்வியை ஸ்விங்கார்மில் வைத்துப் பார்த்தால் விடை உடனே கிடைத்துவிடும். நேர்கோட்டு வேகத்துக்காகப் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்கார்மை நீட்டும் வழக்கம் ஹயபூசா வைத்திருப்பவர்களிடையே உண்டு. அந்த பைக்கின் வீல்பேஸ் 1,480 மில்லிமீட்டர். ஸ்விங்கார்மை நீட்டிய நாளிலிருந்து அந்த எண் பொய். கட்டமைப்பும் மாறிவிட்டது, அடிப்படைத் தன்மையும் மாறிவிட்டது. வளைவில் திரும்பும் திறன் இதனால் குறையவே செய்யும் என்பதால், கையாளுமைக்காக, அதாவது வண்டி சொன்னபடி கேட்பதற்காகச் செய்தேன் என்று சொல்லவும் இடமில்லை. அடிச்சட்டத்தின் பின்பகுதியை அறுத்துக் குட்டையாக்குவதும், பின் இருக்கையையும் அதன் ஃபுட்ரெஸ்ட்டையும் நிரந்தரமாக எடுத்துவிட்டு ஒற்றை இருக்கை வண்டியாக்குவதும் இதே வகையைச் சேர்ந்தவை.

மறுபக்கம், கையாளுமையை உண்மையிலேயே மேம்படுத்தும் வேலை பெரும்பாலும் ஆர்.சி.யைத் தொடுவதே இல்லை. அதில் முதலாவது, சாலையின் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனைச் சரிசெய்வது. உற்பத்தியாளரே கொடுத்திருக்கும் திருகுகளை உற்பத்தியாளரே சொன்ன எல்லைக்குள் திருப்புவதை எந்தச் சட்டமும் மாற்றமாகக் கருதாது. இதற்குப் பெரிய செலவும் இல்லை; ஓர் அளவு நாடாவும் இரண்டு நண்பர்களும் போதும். முதலில் பின்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி, சக்கர அச்சிலிருந்து அதற்கு நேர் மேலே இருக்கையின் பக்கத்தில் ஒட்டிய ஒரு டேப் துண்டு வரை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஜாக்கெட், ஹெல்மெட், பூட்ஸ் உட்படப் பயணத்தில் அணியும் எல்லாவற்றையும் அணிந்து வண்டியில் ஏறி, இரு கால்களையும் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து அமர வேண்டும். ஒருவர் வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் அதே இரு புள்ளிகளுக்கு இடையே மீண்டும் அளக்க வேண்டும். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தை ‘சேக்’ என்பார்கள். சாலையில் ஓட்டும் பைக்குக்கு இது 30 முதல் 40 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது. அதைவிட அதிகமானால் ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தை, அதாவது அதை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கும் அளவைக் கூட்டவும், குறைந்தால் தளர்த்தவும் வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலும் இப்படியே அளக்கலாம். ஃபோர்க் குழாயைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கட்டு நாடாவை மாட்டி ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், சஸ்பென்ஷன் எவ்வளவு கீழிறங்கியது என்பதை அது நின்ற இடமே காட்டிவிடும்.

எவ்வளவு திருகியும் இந்த அளவு வரவில்லை என்றால் ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பொருந்தவில்லை என்று பொருள். உடல் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கை ஃபோர்க்கினுள் மாற்றிக்கொள்வதால் ஆர்.சி.யின் எந்த விவரமும் மாறாது. பின்பக்க ஷாக் அப்சார்பரை மாற்றும்போது மட்டும் அசல் நீளத்திலேயே வாங்குங்கள். நீளம் மாறினால் வண்டியின் உயரமும் ஸ்டியரிங்கின் சாய்கோணமும் மாறும். சைடு ஸ்டாண்டில் வண்டி நிற்கும் விதம்கூட மாறிவிடும்.

டயர் விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். நின்ஜா 650-இன் பின்டயர் 160/60 இஸட்.ஆர். 17; இதில் முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம். பின்பக்கம் பார்க்க அகலமாக இருக்க வேண்டும் என்பதற்காக அதே ரிம்மில் 180 அகல டயரைத் திணிப்பவர்கள் உண்டு. குறுகிய ரிம் டயரின் இரு ஓரங்களையும் உள்ளிழுப்பதால் அதன் வளைவு கூர்மையாகி, வண்டி சாயும்போது சாலையைத் தொடும் பரப்பு வடிவமைத்தவர் எண்ணியபடி அமைவதில்லை. நல்ல ரப்பர் கலவை கொண்ட டயரை அசல் அளவிலேயே வாங்குவதுதான் கையாளுமைக்கும் சட்டத்துக்கும் பாதுகாப்பு. டயரின் பக்கவாட்டில் அளவை அடுத்து அச்சிட்டிருக்கும் எண்ணையும் எழுத்தையும் பாருங்கள். 69 என்றால் அந்த டயர் 325 கிலோ சுமை தாங்கும்; 73 என்றால் 365 கிலோ. W என்ற எழுத்து மணிக்கு 270 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் டயரைக் குறிக்கிறது. இவை இரண்டும் அசலைவிடக் குறையக் கூடாது.

வசதிக்கான மாற்றங்களில் இருக்கையின் ஃபோமைத் திருத்துவது, டேங்கின் பக்கவாட்டில் முழங்கால் பிடிமானம் ஒட்டுவது, சற்று உயரமான விண்ட்ஸ்கிரீன் பொருத்துவது ஆகியவை சிறு பொருத்தங்கள், தயங்காமல் செய்யலாம். ஹேண்டில்பாரை உயர்த்துவதும் ஆர்.சி.யைப் பாதிக்காது, ஆனால் அது ஆபத்தில்லாத வேலை என்று நினைத்துவிட வேண்டாம். உயர்த்திய பிறகு வண்டியை நிறுத்திவைத்து, ஹேண்டில்பாரை இடது கோடி வரையும் வலது கோடி வரையும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். பிரேக் குழாய் எங்கேனும் விறைத்து நிற்கிறதா, கிளட்ச் கேபிள் இழுபடுகிறதா, ஆக்சிலரேட்டர் விட்டவுடன் தானாகத் திரும்புகிறதா, டேங்கில் கைவிரல் நசுங்குகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். குழாய் விறைத்தால் நீளமான குழாய் போடாமல் வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள்.

ஆர்.சி.யில் இல்லாதவை எல்லாம் நம் விருப்பம் என்று பொருளல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 சில பாகங்களுக்குத் தனியே நிபந்தனை வைத்திருக்கின்றன. பின்னால் ஒருவர் அமரக்கூடிய பைக்கில் அவர் பிடித்துக்கொள்ள நிலையான கைப்பிடியும், ஃபுட்ரெஸ்ட்டும், சேலையோ துப்பட்டாவோ சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்கிறது 123-ஆம் விதி. அழகு கெடுகிறது என்று பலரும் முதல் நாளே கழற்றச் சொல்வது இந்த ‘சாரி கார்டை’த்தான். துணி சக்கரத்தில் சிக்கிய விபத்தை ஒருமுறை பார்த்தவர் அப்படிக் கேட்கமாட்டார். 2020-இல் அதே விதியில் சேர்க்கப்பட்ட திருத்தத்தின்படி, பைக்கில் பொருத்தும் பெட்டி 550 மி.மீ. நீளம், 510 மி.மீ. அகலம், 500 மி.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது. பின் இருக்கையின் இடத்தில் பெட்டியை வைத்தால் ஓட்டுநர் மட்டுமே பயணிக்கலாம். பின்பக்க மட்கார்டை வெட்டிவிட்டு நம்பர் பிளேட்டை இருக்கைக்கு அடியில் மடக்கி ஒளிப்பதும் தவறு. 200-க்கு 100 மி.மீ. அளவுள்ள உயர் பாதுகாப்புப் பின்பக்கப் பலகை தெளிவாகத் தெரிய வேண்டும்.

சைலன்சரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எடை குறையும், வண்டி இலகுவாகத் திரும்பும் என்று சொல்லித்தான் பலரும் இதை மாற்றுகிறார்கள். எடை சில கிலோ குறைவது உண்மைதான். ஆனால் 175 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வாகனம் சோதனையில் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை நீக்கிவிட்டால் புகை வரம்பும் மீறப்படும். ஒலி, மாசு, சாலைப் பாதுகாப்புத் தரங்களை மீறுவோருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு மூன்று மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதத்துக்கு முடங்கும். அதிகாலையில் நம் தெருவில் தூங்கும் குழந்தைக்கும் நோயாளிக்கும் நாம் இழைக்கும் தீங்கு இந்தக் கணக்கில் சேராதது.

அனுமதியில்லாத மாற்றத்துக்கான தண்டனையை 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 182-ஏ பிரிவில் சேர்த்தது. அதன் நான்காம் உட்பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். “ஒவ்வொரு மாற்றத்துக்கும்” என்ற சொற்களைக் கவனியுங்கள்: ஒரே வண்டியில் மூன்று மாற்றங்கள் இருந்தால் பதினைந்தாயிரம் ரூபாய்.

சட்டம் ஒரு பிரிவினருக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. உடல் குறைபாடு உள்ளவரின் பயன்பாட்டுக்காக மாற்றப்பட்டு, அவராலோ அவருக்காகவோ மட்டும் பயன்படுத்தப்படும் வாகனத்தை ‘தகவமைக்கப்பட்ட வாகனம்’ என்று சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஒரு கையின் வலிமை குறைந்தவர் இரு பிரேக்குகளையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தால், மெக்கானிக்கிடம் போகும் முன் மருத்துவச் சான்றுடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகுவதே முறை. இதைத் தெரிந்துகொள்ளாமல் வண்டி ஓட்டும் ஆசையையே விட்டுவிட்டவர்கள் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

நிறம் மாற்ற நினைப்பவர் ஆர்.சி., செல்லத்தக்க காப்பீடு, புகைச் சான்றிதழ் ஆகியவற்றுடன் அரசின் பரிவாகன் இணையதளத்தின் வழியாகவோ நேரிலோ விண்ணப்பிக்கலாம். பெயின்ட் அடித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். விலையுயர்ந்த ஷாக் அப்சார்பரோ பெட்டிகளோ பொருத்தியிருந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் விட்ட பாகத்துக்கு விபத்துக்குப் பின் பணம் கேட்பது கடினம்.

கழற்றிய அசல் பாகங்களை விற்றுவிடாமல், புதியவற்றின் பில்களோடு ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். சொந்த வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதைப் புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்கு நிறுத்தும்போது, சாரி கார்டையும் மட்கார்டையும் தேடிப் பழைய பொருள் கடைகளில் அலைய வேண்டியிருக்காது.