கேலிபரேஷன் – அளவுத்திருத்தம்

திரையின் மூலையில் 34% என்று இருந்தது. அடுத்த நொடி மடிக்கணினி அணைந்துவிட்டது. சார்ஜரைச் செருகி மறுபடி இயக்கினால் 3% என்கிறது. நான்கு வயதான என் கணினி இதையே மூன்றாம் முறை செய்ததும் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கேட்டேன். "ஒரு தடவை கேலிபரேட் பண்ணிப் பாருங்க, சரியாகலன்னா பேட்டரிய மாத்திடுங்க" என்றார். சரியான ஆலோசனைதான். ஆனால் கேலிபரேட் செய்தால் பேட்டரிக்குப் பழைய தெம்பு திரும்பிவிடும் என்று நான் புரிந்துகொண்டேன். அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்திருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டேன்.

கேலிபரேட் என்ற ஆங்கில வினைச்சொல் கேலிபர் என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது. துப்பாக்கி, பீரங்கி ஆகியவற்றின் குழல் எவ்வளவு அகலம் என்பதைச் சொல்வதுதான் கேலிபர். பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்குப் போன இந்தச் சொல்லுக்கு மூலமாகப் பெரும்பாலான அகராதிகள் காட்டுவது 'காலிப்' என்ற அரபுச் சொல்லை. அதற்கு வார்ப்பச்சு என்று பொருள். செருப்புத் தைப்பவர் பயன்படுத்தும் கால் வடிவ அச்சுக்கட்டைக்கும் அதுவே பெயர். அச்சோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்ற கருத்து அப்போதே சொல்லுக்குள் இருந்திருக்கிறது. குழலின் அளவைச் சோதிப்பதைக் குறித்த வினை, பிறகு எந்த அளவுகருவியையும் சோதித்து நேராக்குவதற்குப் பொதுவாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால் பேட்டரியும் பீரங்கிக் கூடாரத்திலிருந்து வந்த சொல்தான். வரிசையாக நிறுத்திய பீரங்கிகளுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். அதன் வேர் 'அடித்தல்' என்று பொருள்படும் லத்தீன் சொல். மின்சாரத்தைச் சேமிக்கும் சாதனங்கள் பலவற்றை ஒன்றாக இணைத்த பெஞ்சமின் பிராங்க்ளின், 1749-இல் அந்தத் தொகுப்பை பேட்டரி என்று அழைத்தார். தனியாக இருந்தால் செல், கூட்டாக இருந்தால் பேட்டரி. தமிழிலும் இந்த வேறுபாடு உண்டு: செல் என்பது மின்கலம், பேட்டரி என்பது மின்கல அடுக்கு. பேச்சில் இரண்டையும் மின்கலம் என்றே சொல்லிவிடுகிறோம், பெரிய குற்றமில்லை.

கலம் என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். உண்கலம், மரக்கலம் என்பவற்றில் அது பாத்திரம், கொள்ளும் பொருள். 12 மரக்கால் நெல் ஒரு கலம் என்னும்போது அதுவே அளவு. பாத்திரத்துக்கும் அளவுக்கும் ஒரே சொல். என் குழப்பமும் இங்கேதான் இருந்தது. கணினி காட்டும் சதவீதம் அளவு. உள்ளே இருக்கும் லித்தியம் அயனிக் கலம் பாத்திரம். கேலிபரேஷன் முதலாவதைத் தொடும், இரண்டாவதைத் தொடாது.

சதவீதம் எப்படி வருகிறது? ஒரு லித்தியம் அயனிக் கலம் நிறைந்திருக்கும்போது பொதுவாக 4.2 வோல்ட், தீரும் நிலையில் சுமார் 3 வோல்ட். நடுப்பகுதியில் மின்னழுத்தம் மெதுவாகவே இறங்குவதால், அதை மட்டும் பார்த்து 60% மிச்சமா 45% மிச்சமா என்று துல்லியமாகச் சொல்வது கடினம். அதனால் பேட்டரிக்குள் இருக்கும் ஒரு சிறு சில்லு, உள்ளே வரும் மின்னோட்டத்தையும் வெளியே போவதையும் எண்ணிக் கணக்கு எழுதுகிறது. பாதி ஏற்றி, கால்வாசி இறக்கி, எப்போதும் சார்ஜரிலேயே வைத்து என்று பல மாதம் ஓட்டினால் அந்தக் கணக்கில் சிறு சிறு பிழைகள் சேர்ந்துவிடும். நிறைந்த நிலை, தீர்ந்த நிலை என்ற இரு முனைகளையும் தொட்டால்தான் அது பிழையைத் திருத்திக்கொள்ள முடியும். 100% வரை ஏற்றி, ஓரிரு மணி நேரம் அப்படியே விட்டு, கணினி தானாக உறங்கும் வரை பேட்டரியில் ஓட்டி, சில மணி நேரம் கழித்து இடைவிடாமல் மறுபடி 100% வரை ஏற்றச் சொல்வது அதற்காகத்தான். சில மாதங்களுக்கு ஒருமுறை செய்தால் போதும். அடிக்கடி முழுவதும் வடியவிடுவது லித்தியம் கலத்துக்குக் கெடுதல். அந்தப் பழக்கம் நிக்கல்–காட்மியம் என்ற பழைய வகை பேட்டரிகளின் காலத்து மிச்சம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அளவீடு' என்று எழுதுவோர் உண்டு. ஆனால் அது அளப்பதையே குறிக்கும், அளவுகருவியைச் சரிபார்ப்பதை அல்ல. 'தரப்படுத்தல்' என்றால் பொருள்களைத் தரம் பிரிப்பது நினைவுக்கு வரும். 'அளவுத்திருத்தம்' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எதைத் திருத்துகிறோம் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. விடைத்தாளில் கூட்டல் பிழையைத் திருத்தினால் மதிப்பெண் சரியாகும். மாணவனுக்குப் பாடம் வந்துவிடாது. 'பேட்டரி கேலிபரேஷன்' என்ற தொடரையும் 'மின்கல அடுக்கின் அளவுத்திருத்தம்' என்று எழுதலாம். நீளம்தான், பேச்சில் யாரும் சொல்லப்போவதில்லை. கையேட்டிலும் கட்டுரையிலும் எழுத என்ன தடை?

கலமே தேய்ந்திருந்தால் வேறு கதை. வயதாக ஆக லித்தியத்தில் ஒரு பங்கு மின்முனையின் மேல் படலமாகப் படிந்து பயனற்றுப் போகிறது, கலத்துக்குள் மின்னோட்டத்தைத் தடுக்கும் அகமின்தடையும் கூடுகிறது. கனமான வேலை கொடுத்தவுடன் மின்னழுத்தம் சட்டென்று சரிந்து கணினி அணைவதற்கு இதுவும் காரணம். அங்கே தேவை மாற்றம். 'மாற்று' என்ற சொல்லுக்குப் பொன்னின் தரம் என்றும் பொருள் இருக்கிறது. மாற்றுக் குறைந்த பேட்டரியை மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அளவுத்திருத்தம் செய்த பிறகு என் கணினி உண்மையைச் சொல்லத் தொடங்கியது: வடிவமைப்புக் கொள்ளளவு 48 வாட்–மணி, இப்போது நிறைவது 21. திடீரென்று அணைவது நின்றது, ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் ஒழுங்காகத் தீர்ந்துபோனது. பகுதி எண்ணும் வோல்ட்டும் ஒத்துப்போகிற புதிய பேட்டரியை வாங்கிப் போட்டேன். பழையது கொஞ்சம் உப்பியிருந்ததால் அழுத்தாமல், துளைக்காமல் எடுத்து மின்கழிவுச் சேகரிப்பில் கொடுத்தாயிற்று. கணக்கு எழுதும் சில்லும் பேட்டரியோடு சேர்ந்தே வருவதால், புதியதற்குக் கணக்குப் புத்தகமும் புதிது.