தடை செய்த கெளுத்தி: குட்டை வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்க மத்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை போட்டது. குஞ்சு விற்பனை இன்னும் நிற்கவில்லை. விற்றவர் சிக்குவது அபூர்வம்; வாங்கிக் குட்டையில் விட்ட சிறு விவசாயியின் மீன்தான் அழிக்கப்படுகிறது. இழப்பீட்டை நம்ப வேண்டாம்.

இது வேட்டை மீன். காற்றைச் சுவாசிக்கும், சகதியிலும் பிழைத்துக்கிடக்கும், மழை நாளில் ஈரத்தரையில் ஊர்ந்தே வாய்க்காலைப் பிடிக்கும். கலங்கல் (ஏரி நிரம்பி வழியும் இடம்) வழியே ஏரிக்கு ஏரி இறங்கி நாட்டு மீனையும் தவளையையும் தின்றுவிடும். கீழ் ஏரியைக் குத்தகைக்கு எடுத்து கட்லா, ரோகு விட்ட மீனவர் சங்கத்துக்கு வலை இழுக்கும்போதுதான் நட்டம் தெரியும்.

"பட்டா நிலம், என் குட்டை" என்ற வாதம் எடுபடாது. சொந்தக் குட்டைக்கும் இதே தடைதான். "தெரியாமல் வாங்கினேன்" என்பதும் மீனைக் காப்பாற்றாது. நாட்டுத் தேளி, ஹைப்ரிட் என்று வேறு பெயரில் தள்ளிவிடுகிறார்கள். குஞ்சில் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம். இனத்தின் பெயர் எழுதிய ரசீது தராதவரிடம் வாங்காதீர்கள். அரசு மீன் விதைப் பண்ணையில் முதலில் கேளுங்கள்.

மானியத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் புதுக் குட்டைக்குப் பொதுப் பிரிவினருக்குச் செலவில் 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். கடன் வாங்கிக் குட்டை வெட்டி, ரசீது கொடுத்து, மானியக் கோப்பு மேசை மேசையாக நகரும் மாதங்களில்தான் "சீக்கிரம் வளரும் மீன்" என்று வியாபாரி வாசலில் நிற்கிறார். கையில் காசில்லாதவர் மாட்டிக்கொள்கிறார். இந்தத் தாமதத்துக்கு யாரும் பதில் சொல்வதில்லை. தடை செய்த மீனைக் குட்டையில் விட்டால் அந்த மானியமும் கைவிட்டுப் போகலாம்.

ஏரியில் இந்த மீன் பிடிபட்டால் திரும்ப விடாதீர்கள். புகார் கொடுக்கப் போனால் மீன்வளத்துறை நீர்வளத்துறையைக் காட்டும், அவர்கள் ஊராட்சி ஒன்றியத்தைக் காட்டுவார்கள். அலையாதீர்கள். மீன்வள உதவி இயக்குநருக்கு எழுத்தில் மனு, நகல் ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள்; 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

உங்கள் குட்டையிலேயே இருக்கிறதா? சோதனைக்குப் பயந்து இரவோடு இரவாக மடையைத் திறந்துவிடாதீர்கள். ஊர் ஏரி முழுக்கப் பரவிவிடும். வடிகாலில் வலை கட்டுங்கள், நீங்களே எழுதிக்கொடுத்து அதிகாரி முன்னிலையில் அழியுங்கள், மனுவின் நகலைப் பத்திரமாக வையுங்கள்.