கைரல்: ஒரு கைச்சொல்லின் கதை

இருட்டில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதே இல்லை. இடது செருப்பை எப்படித் திருப்பினாலும் அது வலது செருப்பாகாது. கண்ணாடியில் காட்டினால்தான் ஆகும். காலுறைக்கு இந்தத் தொல்லை கிடையாது. இப்படித் தன் கண்ணாடி உருவத்தோடு பொருந்தாத எதுவும் ‘கைரல்’ (chiral). மூலக்கூறுகளிலும் செருப்புகள் உண்டு, காலுறைகளும் உண்டு.

சொல்லை உருவாக்கியவர் இயற்பியலாளர் கெல்வின் பிரபு, 1893-இல், ஆக்ஸ்போர்டில் ஆற்றிய ஓர் உரையில். கிரேக்கத்தில் ‘கெயிர்’ என்றால் கை. நம் ‘கை’யும் அதில் கேட்பது தற்செயல்தான், சொந்தம் கொண்டாட வேண்டாம்.

விஷயம் அதற்கும் முந்தியது. 1848-இல் 25 வயது லூயி பாஸ்டர், டார்டாரிக் அமில உப்பு ஒன்றின் படிகங்களை உருப்பெருக்கியில் பார்த்தார். ஒரு சின்ன முகம் சிலவற்றில் வலப்பக்கமும் சிலவற்றில் இடப்பக்கமும் இருந்தது. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இரண்டு குவியலாக்கி, தனித்தனியே கரைத்தார். முனைவுற்ற ஒளியின், அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியின், அதிர்வுத் தளத்தை ஒரு கரைசல் வலப்பக்கம் சுழற்றியது, மற்றது இடப்பக்கம். கரைந்த பிறகும் வேறுபாடு மறையவில்லை என்றால், அது மூலக்கூறிலேயே இருக்கிறது.

உயிர்கள் இதில் ஓரவஞ்சனைக்காரர்கள். நம் புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்கள் இடக்கை வகை, டி.என்.ஏ.யின் சர்க்கரை வலக்கை வகை. அந்த அமினோ அமிலங்களில் கிளைசினுக்கு மட்டும் கையே இல்லை, அது காலுறை. மூக்குக்கும் இந்த வேறுபாடு தெரியும்: கார்வோன் என்ற மணப்பொருளின் ஒரு கை புதினாவாக மணக்கிறது, மறு கை சதகுப்பையாக.

சரி, தமிழில்? ‘சமச்சீரின்மை’ என்று எழுதுவதுண்டு. எனக்கு அது உறுத்துகிறது. பாஸ்டர் கையாண்ட டார்டாரிக் அமிலத்தின் மூலக்கூறையே அரைச்சுற்று சுற்றினால் பழைய உருவமே வரும். அதில் ஒரு சீர் இருக்கிறது, ஆனாலும் அது கைரல்தான். இல்லாதது கண்ணாடிச் சீர் மட்டும். ‘கைமை’ சுருக்கமாக இருக்கிறது, ஆனால் காதில் ‘கைம்மை’ என்று விழுந்தால் விதவை நிலை என்றாகிவிடும். ‘கைத்தன்மை’ அலங்காரமில்லாதது, பொருள் பிசகாதது. என் ஓட்டு அதற்கு.

அப்புறம், வலக்கை, இடக்கை வகைகளுக்கு ‘வலம்புரி, இடம்புரி’ என்ற அழகான சொற்கள் கைவசம் உண்டே என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். சங்கின் எந்த முனையை மேலே பிடிப்பது என்பதில் நம் வழக்கமும் உயிரியலாளர் வழக்கமும் நேர்மாறு. நாம் வலம்புரி என்பது அவர்களுக்கு இடஞ்சுழி.